மனைக்கல்லுக்கு நடுவே ஒரு மினி டிராக்டர்

எங்கள் ஊரில் நிலம் நிறைய இருந்த காலத்தில் டிராக்டர் ஒன்றுதான் இருந்தது. மணியக்காரர் வீட்டுச் சிவப்பு மேசி ஃபெர்குசன். இப்போது உழுவதற்கென்று மிஞ்சியிருக்கும் கழனியை வெயில் ஏறுவதற்குள் ஒருமுறை சுற்றி வந்துவிடலாம். டிராக்டர் விற்கிற கடைகளைச் சுற்றி வரத்தான் நாள் போதவில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர். அப்போது செங்கல்பட்டு மாவட்டம். பிறகு காஞ்சிபுரம் மாவட்டமானது. ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம்; ஏரி நிரம்பாத வருஷம் ஒன்றோடு சரி. கழனி போக மேட்டில் கொல்லை, அதில் வேர்க்கடலை, கேழ்வரகு. எங்கள் நைனாவுக்கு நான்கு காணி இருந்தது. நான்கு காணிக்கு டிராக்டர் வாங்குவது என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றாத யோசனை. தோன்றியிருந்தாலும் வண்டி கிடைத்திருக்காது.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். 1971-இல் டிராக்டர் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு கட்டுப்பாட்டு ஆணையே போட்டிருந்தது. கையில் பணம் இருப்பது ஒரு தகுதியாகவே கருதப்படவில்லை. பதிவு செய்ய வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், முறை வரும்போது எது வந்து இறங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர், சோவியத் யூனியனின் பெலாரஸ், எஸ்கார்ட்ஸ் செய்த நீல ஃபோர்டு, மஹிந்திராவின் இன்டர்நேஷனல் பி-275 என்று பெயர்கள் மட்டும் காற்றில் வரும். சென்னை செம்பியத்தில் டாஃபே 1960-களின் தொடக்கத்திலிருந்தே மேசி ஃபெர்குசன் செய்துகொண்டிருந்ததாலும், அதன் எஞ்சின் மவுண்ட் ரோடு சிம்சன் குடும்பத்துச் சரக்கு என்பதாலும், எங்கள் பக்கம் சிவப்புக்குத்தான் மரியாதை. மணியக்காரர் பதிவு செய்துவிட்டு இரண்டு பொங்கல் காத்திருந்தார். வண்டி வந்த அன்று மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்திப் பூசணிக்காய் உடைத்தார்கள். எந்த மாடல், எத்தனை எச்.பி. என்று ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. பெண் பார்க்கப் போய் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை இல்லாத காலத்துக் கல்யாணம் மாதிரிதான் அந்த வியாபாரம்.

அதை வாடகைக்கு வாங்குவதற்கு ஒரு ராஜதந்திரம் தேவைப்பட்டது. முதலில் மணியக்காரர் கழனி, அடுத்து அவர் சம்பந்தி கழனி, அடுத்து கர்ணம், பிறகு ஏரிக்கு மேல்மடைக்காரர்கள், கடைசியில் நாங்கள். நைனா நேரே மணியக்காரரிடம் போகமாட்டார். டிரைவரிடம் போவார். டிரைவர் அண்ணன்தான் ஊரில் அசல் அதிகாரம் படைத்தவர். அவருக்கு எங்கள் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்தால் மறுநாள் காலையில் கேஜ் வீல் மாட்டிய வண்டி எங்கள் மடையில் நிற்கும். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் வேலைகளை ஒழித்தது. மணியக்காரருக்கு மணியம் போனது. டிராக்டர் இருந்ததால் செல்வாக்கு போகவில்லை.

அந்த வண்டிக்கு ஒரு மெக்கானிக் இருந்தார். செம்பியத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்று பேச்சு. புங்கமரத்தடியில் ஒரு கோணிப்பை விரிப்பதுதான் அவருடைய சர்வீஸ் சென்டர். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஒரு ஸ்குரூடிரைவரின் முனையை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். முதல் சிலிண்டர், இரண்டாவது, மூன்றாவது. நாங்கள் பையன்கள் மூச்சுவிடாமல் நிற்போம். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார், முகர்வார். “டீசல் எறங்குது மணியக்காரரே, இன்னும் ஒரு நடவு தாங்கும். அதுக்கு அப்புறம் பிரிச்சே ஆவணும்.” ஒரு நடவு தாங்கியது. அடுத்த நடவுக்குப் பிரித்தார்கள். ஏர் கிளீனரில் ஆயில் மாற்றும் போது அடியில் தங்கியிருக்கும் சேற்றுக் குழம்பை எங்களிடம் காட்டி, “இதைத்தான்டா வண்டி மூச்சு வாங்குது” என்பார். தூசிக்கும் எஞ்சினுக்கும் உள்ள பகையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான், எந்த ஷோரூமும் அல்ல.

பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது, 1998-இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கி 2014-இல் மூடியது. எங்கள் பக்கம் சிப்காட் வந்தது. 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லரின் பாரத் பென்ஸ் லாரி. நடுவில் கோமாட்சு, அப்பல்லோ டயர். நைனாவின் நான்கு காணியில் பாதி சர்வே எண்ணாக மாறி அரசாங்கக் கோப்புக்குள் போனது. அந்தப் பணத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, வீட்டுக்கு மாடி ஏறியது. இதில் புலம்ப ஒன்றுமில்லை. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் புலம்பவும் இல்லை. புலம்புவது இன்று மதிப்புத் தெரிந்த பேரப்பிள்ளைகள்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1959-இல் ஃபரீதாபாதில் இந்தியாவின் முதல் டிராக்டரைச் செய்து வெளியே விட்டது ஐஷர். அந்த ஐஷர்தான் பின்னாளில் ராயல் என்ஃபீல்டுக்குச் சொந்தக்காரர் ஆனது. 2005-இல் டிராக்டர் தொழிலை நம் டாஃபேயிடமே விற்றுவிட்டு லாரியிலும் புல்லட்டிலும் கவனத்தை வைத்தது. 2013-இல் ஒரகடத்தில் புல்லட் தொழிற்சாலை திறந்தது. ஆக, டிராக்டரை விட்டவர்களும் உழவை விட்டவர்களும் சாலைக்கு எதிரெதிர் பக்கத்தில் வந்து சேர்ந்தோம். அவர்களுக்கு அதில் லாபம்.

எனக்கு மிஞ்சியது ஒன்றரை ஏக்கர் கழனியும் ஒரு ஏக்கர் கொல்லையும். கொல்லையில் தென்னை, நாலைந்து மாமரம், வேலியோரம் எவ்வளவு வெட்டினாலும் தலைதூக்கும் சீமைக்கருவேலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் உழவுக்கு ஆள் தேடியபோதுதான் சங்கதி புரிந்தது. வாடகை டிராக்டர்கள் எல்லாம் 45, 50 எச்.பி. ஆகிவிட்டன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதை ஓட்டிக்கொண்டு வந்து, லேஅவுட் சந்துகளில் திருப்பி, ஒன்றரை ஏக்கருக்கு இறங்க யாருக்கும் மனசில்லை. இறங்கினாலும் வரப்பு உடையும், தென்னை வேர் கிழியும், ஈரக் கழனியில் வண்டி அச்சுவரை புதையும். மினி டிராக்டர் வாங்கினால் என்ன என்று வீட்டில் பேச்சு வந்தது அப்படித்தான்.

அன்றைக்கு டிராக்டருக்காக நாங்கள் வரிசையில் நின்றோம். இன்றைக்குப் போனில் ஒருமுறை விசாரித்தது குற்றம், மூன்று கம்பெனி ஆட்கள் எனக்காக வரிசையில் நின்றார்கள். ஷோரூமில் ஏ.சி., கண்ணாடிக் கதவு, கையில் டேப்லெட்டோடு ஒரு பிள்ளை. “சார், இது ஃபேமிலி டிராக்டர் சார், மேடம்கூட ஓட்டலாம்.” மேடம் அப்போது வீட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தார்கள், இந்த வாய்ப்பு அவர்களுக்குத் தெரியாது. ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் இரண்டும் 15 எச்.பி., ஒற்றை சிலிண்டர். ஓசூரில் செய்கிற விஎஸ்டி சக்தி 18, 19 எச்.பி. மஹிந்திராவின் ஜீவோவும் குபோட்டா நியோஸ்டாரும் 24, நாலு வீலும் இழுக்கும். ஓஜா என்று மஹிந்திரா புதிதாக ஒரு வரிசை விட்டிருக்கிறது; சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடமும் ஜப்பான் மிட்சுபிஷியும் சேர்ந்து உருவாக்கியது. செய்வது தெலங்கானா ஜாஹீராபாதில். அறிமுகவிழா 2023 சுதந்திர தினத்தன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வரைந்த வண்டியை நாங்கள் கேப் டவுன் வழியாகத்தான் பார்த்தோம்.

இதில் எதை எடுப்பது? பிள்ளை எடுத்த எடுப்பில், “ரெண்டரை ஏக்கருக்கு 24 பத்தாது சார், 40-க்குப் போயிடுங்க” என்றான். நான் ஹிலாரி கதையைச் சொன்னேன். எவரெஸ்ட் ஏறிய அதே எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது ஃபெர்குசன் டிராக்டரில்; அதன் சக்தி முப்பது எச்.பி.க்கும் குறைவு. தென் துருவத்துக்குப் போதுமானது ஒரகடத்துக்குப் போதாதா? பிள்ளை டேப்லெட்டைப் பார்த்தான். அதில் ஹிலாரி இல்லை.

ஒரு காலத்தில் முழு டிராக்டர் என்று உலகமே ஒப்புக்கொண்ட அளவுதான் இன்றைய மினி. பெரிதானது எங்கள் ஆசை, சிறிதானது நிலம். ஆசைக்கு ஏற்ற வண்டியை விற்பதுதான் ஷோரூமின் வேலை, அதில் தப்பு சொல்ல முடியாது. கழனிக்கு ஏற்றதைக் கேட்பது வாங்குகிறவன் வேலை. எஞ்சினில் எத்தனை எச்.பி. என்பதை விட, பின்னால் பிடிஓ ஷாஃப்ட்டுக்கு எத்தனை வந்து சேர்கிறது என்று கேட்க வேண்டும், ஏனென்றால் ரொட்டவேட்டரைச் சுழற்றுவது அதுதான். நிமிஷத்துக்கு 540 சுற்று. மணியக்காரர் வண்டியிலும் 540-தான், இதிலும் 540-தான். மாறாத ஒரே சங்கதி. 24 எச்.பி.க்கு நான்கடி ரொட்டவேட்டருக்கு மேல் ஆசைப்படக் கூடாது. சேடை ஓட்டுகிற கழனி என்றால் ஆயிலில் மூழ்கிய பிரேக் வேண்டும், காய்ந்த டிஸ்க்கில் சேற்றுத் தண்ணீர் போனால் கால் அழுத்த அழுத்த வண்டி சிரித்துக்கொண்டே போகும். நாலு வீல் வண்டியில் முன் ஆக்சிலின் ஆயில் சீலைக் குனிந்து பார்க்க வேண்டும், சேறு முதலில் நுழைவது அங்கேதான். எடை குறைவு என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எங்கள் ஏரிக்கரைக் களிமண்ணில் அதுதான் வரம்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்கு அடியிலும் வடக்கே பழத்தோட்ட வரிசைக்கு நடுவிலும் புகுந்து போகத்தான் இந்தக் குறுகல் வண்டிகள் அதிகம் விற்றன. எங்கள் பக்கம் அது புகுந்து போவது மனைக்கல்லுக்கு நடுவில். ஷோரூமில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் விவசாயி என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை. ஒருவர் சென்னையிலிருந்து சனி, ஞாயிறு வந்து போகும் பண்ணை வீட்டுக்காரர். ஒருவர் தொழிற்சாலை ஒன்றின் புல்தரையையும் மரங்களையும் பராமரிக்கும் காண்டிராக்டர். பசுமை வளையம் காட்டவேண்டிய கம்பெனிகளுக்குத்தான் இப்போது புல் வளர்ப்பதில் எங்களைவிட அக்கறை. இன்னொருவர் லேஅவுட் புரமோட்டர். ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு வேன் வருவதற்குள் மனைகளில் புதர் இருக்கக்கூடாது அவருக்கு. பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022-இல் வந்தபின் அவருடைய நோட்டீஸில் எங்கள் ஊர் ‘ஏர்போர்ட்டுக்கு அருகில்’ ஆகிவிட்டது. பரந்தூர் பக்கத்து ஏகனாபுரத்தில் கழனியைக் கொடுக்கமாட்டோம் என்று ஜனங்கள் போராடிக்கொண்டிருப்பது அந்த நோட்டீஸில் இல்லை.

கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்டார்கள். எங்கள் ஊரில் நிஜமாகவே நாற்று நடுகிறவர்கள் குத்தகைக்காரர்கள். அவர்கள் பெயரில் சிட்டாவும் கிடையாது, கடனும் கிடையாது. பண்ணை வீட்டுக்காரரிடம் சிட்டா இருக்கிறது. நாற்றுக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டாலும் அவர் காகிதத்தில் விவசாயி. வண்டியின் பதிவும் அப்படித்தான். மத்திய மோட்டார் வாகன விதியில் விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல. எரு அடிக்கலாம், நெல் மூட்டை ஏற்றலாம். வாடகைக்குச் செங்கல் ஏற்றினால் அது வேறு கணக்கு. எங்கள் சாலையில் நான் பார்த்த விவசாய டிராக்டர்களில் பாதிக்கு மேல் எம்-சாண்ட்தான் அறுவடை செய்கின்றன.

விலை சொல்ல மறந்துவிட்டேன். 24 எச்.பி., நாலு வீல், ரொட்டவேட்டர் தனி. ஆறு லட்சத்தை ஒட்டி வந்தது. ஆடி மாதம் போனபோது, “தீபாவளிக்குள்ள வெல ஏறுது சார், இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க” என்றார் மேனேஜர், நெஞ்சில் கை வைத்து. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. விலை இறங்கியது. மேனேஜரை அடுத்தமுறை பார்த்தபோது நெஞ்சில் வைத்த கையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது இதோடு முடிந்துவிடும். டீலரைத் தேர்ந்தெடுப்பதுதான் நிஜமான தலைவலி, அதன் காரணம் இந்தச் சீமைக்கே உரியது. கார், லாரி, புல்லட், டயர், மலையை வெட்டும் யந்திரம் எல்லாம் செய்கிற இந்தச் சாலையில், ஒரு டிராக்டரின் ஹைட்ராலிக்கைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐ.டி.ஐ. முடித்த பையன்களைத் தொழிற்சாலைகள் வாரிக்கொண்டு போய்விடுகின்றன. அங்கே யூனிஃபார்ம், பஸ், கேன்டீன், ஏ.சி. ஷெட். ஒருவனுக்கு நாள் முழுக்க ஒரே போல்ட்டை ஒரே முறுக்கு முறுக்கும் வேலை. சேற்றில் மல்லாந்து படுத்து ஆயில் சீல் மாற்ற யார் வருவான்? புங்கமரத்தடி மெக்கானிக்கின் பேரன் கூட ஷிஃப்ட்டுக்குப் போகிறான், கழுத்தில் அடையாள அட்டையோடு. நல்ல சம்பளம். தாத்தாவின் ஸ்குரூடிரைவர் எங்கே என்று கேட்டேன். “இன்னாத்துக்கு பெரியப்பா? எங்க லைன்ல டார்க் மீட்டரே சொல்லிடும்” என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். லைனில் ஓடும் எஞ்சினுக்கு டீசல் இறங்காது.

நான் விசாரித்த டீலர்களில் ஒருவர் ‘வீடு தேடி சர்வீஸ்’ என்று பெரிய பேனர் வைத்திருந்தார். ஏற்கெனவே அவரிடம் வாங்கிய உறவினர் ஒருவருக்கு, முதல் ஐம்பது மணிநேரச் சர்வீஸுக்கு வேன் வந்தது, ஃபில்டர் வரவில்லை. ஃபில்டர் வந்தபோது ஆள் வரவில்லை; அவன் அதற்குள் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டிருந்தான். ஷோரூம் சின்னது, ஏ.சி. கிடையாது, டேப்லெட் கிடையாது என்றிருந்த இன்னொருவரிடம் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் இரண்டு நடுவயசுக்காரர்கள் ஒரு கியர் பாக்ஸைப் பிரித்துக் கோணிமேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கம்பெனிக்குப் போகவில்லையா என்றேன். “வயசு தாண்டிடுச்சுன்னு எடுக்கல சார்” என்றார் ஒருவர், கையைத் துடைத்துக்கொண்டே. வண்டியை அங்கேதான் எடுத்தேன்.

கணக்குப் போட்டால் இரண்டரை ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது. வேளாண் பொறியியல் துறை வாடகைக்குத் தருகிறது, உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். வட்டி, டீசல், தேய்மானம் எல்லாம் எழுதிப் பார்த்தால் அதுதான் மலிவு. ஆனால் ஏரியில் தண்ணீர் விட்ட வாரத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும், அந்த நாளில் எங்கள் முறை கடைசி. நைனா காலத்திலிருந்து கடைசியிலேயே நின்று பழகிய குடும்பம். ஒருமுறையாவது முதலில் உழுது பார்க்கலாமே என்றுதான் வாங்கினேன். இதைக் கணக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வண்டி வந்து கழனி காயும் முன்பே முதல் வாடகை அழைப்பு வந்தது. அந்த லேஅவுட் புரமோட்டர்தான். சனிக்கிழமைக்குள் மனைகளில் புதர் எடுத்துத் தரவேண்டும். எந்த இடம் என்று கேட்டேன். எங்கள் ஊரிலேயே, மணியக்காரரின் பேரன்கள் விற்ற கழனி. ஒரு காலத்தில் ஊரில் முதலில் உழவு விழுந்த மேல்மடை. பயிர் இல்லாத நிலத்தில் என் வண்டிக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவரே ஒரு மினி டிராக்டர் வாங்கிவிட்டார், என்னுடையதைவிடப் பெரியது.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் ஒரு வார்த்தை. ஷோரூமுக்குப் பண்டிகைத் தள்ளுபடி சமயத்தில் போகாதீர்கள். ஆவணியில், சம்பா உழவு மும்முரமாக இருக்கும் ஒரு திங்கட்கிழமை காலையில் போங்கள். முன்வாசல் வழியாக நுழையாமல் நேரே பின்பக்கக் கொட்டகைக்குப் போய், பிரித்துப் போட்டிருக்கும் வண்டி எத்தனை, அதில் கை வைத்திருக்கும் ஆள் எத்தனை என்று எண்ணுங்கள். வண்டியை விட ஆள் ரொம்பக் குறைவாக இருந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அடுத்த டீலரிடம் போய்விடுங்கள்.